குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

அன்பு மாணவச் செல்வங்களே, சொந்தக்காரர்களே,

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக இருக்கும்போது வாசியுங்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன மாதம் என் இளைய மகளுக்கு நாகர்கோவிலில் பெண்குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் காலையில் ஒரு நர்ஸ் வந்தாள். பிள்ளையின் குதிகாலை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, ஒரு ஓரமாகச் சின்னதாகக் குத்தினாள். பிள்ளை வீறிட்டது. துளிர்த்த ரத்தத்தை, சிறு வட்டங்கள் அச்சடித்த தடித்த காகிதத்தில் சொட்டுச் சொட்டாக ஒற்றி எடுத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பச்சப்பிள்ளைக்கு எதுக்கு மக்ளே ரத்தம் எடுக்கிய?" என்று கேட்டேன்.

"தைராய்டு பாக்கதுக்கு அம்மா. எல்லாப் பிள்ளையளுக்கும் எடுக்கணும்" என்றாள்.

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பையனின் முகம் கண்முன் வந்து நின்றது.

1984-85 இருக்கும். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிது. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். ஒன்பது வயது, ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம்தான். முகம் கொஞ்சம் உப்பலாக இருக்கும். நாக்கு தடித்து வெளியே தெரியும். தோல் வறண்டு கிடக்கும். வெயில் காலத்திலும் குளிருகிறது என்பான். பாதி நேரம் டெஸ்கில் தலைசாய்த்து உறங்குவான். 'அ' எழுதப் படித்தவன் மறுநாள் அதை மறந்துவிடுவான்.

அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். இரண்டு மூன்று தடவை அடித்தும் இருக்கிறேன். அவனுடைய அம்மா வந்து, "டீச்சர், இவன் பிறந்ததுல இருந்தே இப்படித்தான். அழவே மாட்டான். ஒறங்கிட்டே கெடப்பான். நல்ல பிள்ளைன்னு எல்லாரும் சொன்னாவ" என்றார்கள். நான் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் கேட்கிறது: "இவனுக்குப் படிப்பு ஏறாது. வேற வேலை எதாவது பழக்குங்க."

சில வருஷம் கழித்து அவன் அக்காவை பஸ்ஸில் பார்த்தேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்களாம். பிறவியிலேயே தைராய்டு சுரப்பி சரியாக இல்லை என்று சொன்னார்களாம். மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு வளர்ந்தான், உறக்கம் போயிற்று, முகமும் தெளிந்தது. "புத்தி மட்டும் இனி வராதாம் டீச்சர். பிறந்த உடனே குடுத்திருக்கணுமாம்" என்றாள்.

நர்ஸ் எடுத்துப்போன அந்தக் காகிதத்தில் என்னதான் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தெரிந்த டாக்டரிடம் கேட்டும், புத்தகங்களைப் புரட்டியும் படித்ததை எழுதுகிறேன். இது ஒரு சின்னப் புரதத்தை அளக்க மனிதன் பட்ட பாட்டின் வரலாறு.

முதலில் சுரப்பியைப் பற்றி. தைராய்டு கழுத்தின் முன்பக்கம் இருக்கிறது. அது சுரக்கும் தைராக்சின் இல்லாமல் உடம்பு வளராது, மூளையும் வளராது. தைராய்டை வேலை வாங்குவது மூளையின் அடியில் பயறு அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அது ரத்தத்தில் அனுப்பும் கட்டளைதான் டி.எஸ்.எச். என்ற புரதம். தைராய்டு ஒழுங்காக வேலை செய்தால் கட்டளை மெதுவாக வரும். வேலை செய்யாவிட்டால் கட்டளை கூடிக்கொண்டே போகும். வகுப்பில் பிள்ளை பதில் சொல்லாவிட்டால் டீச்சரின் குரல் உயருமே, அது மாதிரி. அதனால் டி.எஸ்.எச். அதிகம் என்றால் தைராய்டு சோர்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். எண் கூடினால் சுரப்பி கூடுதலாக வேலை செய்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலும் அது நேர்மாறு.

இந்தக் கட்டளையை அளக்கத் தெரியாத காலத்தில் டாக்டர்களுக்கும் கண்ணும் கையும்தான். கழுத்தில் வீக்கம் இருந்தால் கண்டுபிடிப்பார்கள். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், தைராய்டு குறைந்து உடம்பெல்லாம் வீங்கிப்போன ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அவள் தேறினாள், அதற்குப் பிறகு 28 வருஷம் வாழ்ந்தாள். ஆக, மருந்து அப்போதே வந்துவிட்டது. 1914-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். யாருக்கு அது தேவை என்று காலத்தில் கண்டுபிடிக்கத்தான் வழி இல்லை.

நம் நாட்டுக் கதையும் இதில் உண்டு. ராபர்ட் மக்காரிசன் என்ற வெள்ளைக்கார ராணுவ டாக்டர் வடக்கே கில்கிட் மலைப்பகுதியில் கழுத்துக் கழலையை ஆராய்ந்தார். குடிதண்ணீரின் வண்டலில்தான் காரணம் இருக்கிறது என்று நினைத்து, தானும் சிலருமாக அந்த வண்டலைத் தினமும் குடித்து, கழுத்து வீங்குகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். அவருக்கே வீங்கியது! அவர் பிற்பாடு நம் நீலகிரி குன்னூரில் ஆய்வுக்கூடம் நடத்தினார். அதுதான் வளர்ந்து, பின்னால் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அதே குன்னூரில் வேலை பார்த்த டாக்டர் வி.ராமலிங்கசாமி, 1956-இல் இமயமலை அடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் ஆய்வைத் தொடங்கி, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறைகிறது என்று காட்டினார். 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கழலை. நம் பையனின் கதை வேறு. தைராய்டு இல்லாமலே பிறக்கிற பிள்ளைக்குக் கழுத்தில் வீக்கம் எங்கே இருந்து வரும்? அதுமட்டுமில்லை, வயிற்றில் இருக்கும்போது தாயின் தைராக்சின் ஓரளவு பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது. அதனால் பிறக்கும்போது பெரும்பாலான பிள்ளைகள் பார்க்க நன்றாகவே இருக்கும். அழாது, உறங்கும், 'நல்ல பிள்ளை' என்று பேர் வாங்கும். கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்போது மாதங்கள் கடந்திருக்கும். மூளை அதற்குள் இழந்ததை எந்த மாத்திரையாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. கண்ணை நம்பினால் இங்கே தோல்விதான். ரத்தத்தில் அளந்தே ஆக வேண்டும்.

அளப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் பழைய பாணியில் ஒரு கணக்குப் போடுவோமா? டி.எஸ்.எச். 1 யூனிட் என்று ரிப்போர்ட்டில் வந்தால், ஒரு லிட்டர் ரத்தத்தில் சுமார் 0.2 மைக்ரோகிராம் புரதம் இருக்கிறது என்று பொருள். 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 50 x 50 x 2 = 5,000 கன மீட்டர். அதாவது 50 லட்சம் லிட்டர். அந்தக் குளம் முழுவதிலும் ஒரு கிராம் உப்பைக் கரைத்தால் என்ன அளவோ, அந்த அளவுதான். சாதாரண ரசாயனச் சோதனைக்கு இது அகப்படாது.

வழி காட்டியவர்கள் நியூயார்க்கில் இரண்டு பேர். ரோசலின் யாலோ என்ற பெண் இயற்பியல் படித்தவர். சாலமன் பெர்சன் டாக்டர். ராணுவத்தில் இருந்தவர்களுக்கான ஒரு மருத்துவமனையில் 1950-களில் இன்சுலினை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து வந்த பொருளைப் பிடித்துக்கொள்ள உடம்பு ஆன்டிபாடி என்ற புரதங்களை உண்டாக்கும். ஒவ்வொரு ஆன்டிபாடியும் தனக்குரிய ஒன்றைத்தான் பிடிக்கும். ஊசியாகப் போட்ட இன்சுலினுக்கு எதிராகவும் ஆன்டிபாடி உண்டாகிறது என்று இவர்கள் எழுதினார்கள். அவ்வளவு சின்ன புரதத்துக்கு எதிராக உண்டாகாது என்று 1955-இல் பெரிய பத்திரிகை ஒன்று கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. யாலோ அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, 1977-இல் நோபல் பரிசு வாங்கியபோது ஆற்றிய உரையில் காட்டினார். பெர்சன் 1972-லேயே இறந்துபோனார். இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு கிடையாது. முறைக்கு இருவரும் காப்புரிமை வாங்கவில்லை.

அவர்கள் முறையை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். பஸ்ஸில் 50 சீட் இருக்கிறது. கதிரியக்க அடையாளம் போட்ட இன்சுலின் 50 பேரை ஏற்றுகிறோம். கூடவே நோயாளியின் ரத்தத்தில் உள்ள, அடையாளம் இல்லாத இன்சுலினும் ஏறுகிறது. இரண்டும் சீட்டுக்குப் போட்டி போடும். அடையாளம் போட்டவர்களில் எத்தனை பேருக்கு சீட் கிடைக்கவில்லை என்று பார்த்தால், ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்துவிடும். சீட்டுதான் ஆன்டிபாடி. 1960-களில் டி.எஸ்.எச்.சையும் இந்த முறையில் அளந்தார்கள்.

ஆனால் இரண்டு தொல்லை. ரத்தத்தில் ஒன்றிரண்டு பேர்தான் இருந்தால் 50 சீட்டில் வித்தியாசமே தெரியாது. மற்றது, டி.எஸ்.எச்.சுக்கு உருவ ஒற்றுமை உள்ள உறவுக்காரர்கள் உண்டு. கர்ப்ப காலத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. அதில் ஒன்று. இந்தப் புரதங்களில் ஒரு பாதி எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கும். மறு பாதிதான் வேறு. ஒரே யூனிஃபார்ம் சட்டை, பேட்ஜ் மட்டும் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டையைப் பார்த்து ஏமாந்து வேறு ஆளுக்கு சீட் கொடுத்துவிடும் ஆபத்து இருந்தது.

இதற்குத்தான் 'சாண்ட்விச்' முறை வந்தது. 1968-இல் மைல்ஸ், ஹேல்ஸ் என்ற இருவர் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். ஹார்மோனுக்கு அடையாளம் போடாமல், ஆன்டிபாடிக்கே அடையாளம் போட்டார்கள். சில வருஷத்துக்குள் ஒரு ஆன்டிபாடி இரண்டு ஆன்டிபாடியாகிவிட்டது.

சுசீந்திரம் தேரோட்டக் கூட்டத்தில் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வரிசையாக டீச்சர்கள் நிற்கிறார்கள். இடத்தைவிட்டு அசைய மாட்டார்கள். நம் பேட்ஜ் குத்திய பிள்ளையின் கையை மட்டும் ஆளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொள்வார்கள். மற்ற கூட்டமெல்லாம் தாண்டிப் போய்விடும். பிறகு டார்ச் லைட்டோடு இன்னொரு கூட்டம் டீச்சர்கள் வருகிறார்கள். அவர்கள் நம் சட்டை போட்ட பிள்ளையின் மறு கையை மட்டும் பிடிப்பார்கள். பிள்ளை கிடைக்காத டார்ச் டீச்சர்களை வெளியே அனுப்பிவிட்டு, மிச்சமிருக்கும் வெளிச்சங்களை எண்ணினால் போதும். பேட்ஜும் சட்டையும் இரண்டும் சரியாக இருந்தால்தான் ஒரு வெளிச்சம். வேறு பள்ளிப் பிள்ளை சட்டையால் ஏமாற்ற முடியாது. ஒரே ஒரு பிள்ளை இருந்தாலும் இருட்டில் ஒரு விளக்காகத் தெரியும்.

பரிசோதனைக் கூடத்தில் நடப்பது இதுவேதான். சின்னக் குழியின் அடியில் முதல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறது. ரத்தத்திலுள்ள டி.எஸ்.எச்.சை அது பிடிக்கிறது. கழுவுகிறார்கள். இரண்டாவது ஆன்டிபாடி மேலே வந்து ஒட்டுகிறது. மறுபடி கழுவுகிறார்கள். இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் டி.எஸ்.எச். இருப்பதால்தான் 'சாண்ட்விச்' என்று பேர்.

டார்ச்சாக முதலில் கதிரியக்கத்தை வைத்தார்கள். 1971-இல் ஸ்வீடனில் ஏவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் இருவரும், அதே சமயத்தில் நெதர்லாந்தில் வேறு இருவரும், அதற்குப் பதிலாக நிறம் உண்டாக்கும் என்சைமை இணைக்கலாம் என்று காட்டினார்கள். நீங்கள் அடிக்கடி கேள்விப்படும் 'எலைசா' அதுதான். இப்போது பல இயந்திரங்களில் நிறத்துக்குப் பதில் ஒளி. 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் இருவரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல ஆன்டிபாடி தயாரிக்க வழி கண்டார்கள். எந்த ஊரில் சோதித்தாலும் ஒரே மாதிரி பேட்ஜ் பார்க்கும் டீச்சர்கள் கிடைத்தார்கள். 1984-இல் அவர்களுக்கு நோபல் பரிசு. 1980-களில் சாண்ட்விச் முறை பரவிய பிறகு, பழைய முறையைவிடப் பத்து மடங்கு, பிற்பாடு நூறு மடங்கு குறைந்த டி.எஸ்.எச்.சைக்கூட அளக்க முடிந்தது.

இனி அந்தக் காகிதம். அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்ற டாக்டரின் மகனுக்கு மூளை வளர்ச்சி குறைவு. அந்த வருத்தத்தோடு வேலை செய்தவர், 1960-களின் தொடக்கத்தில் பச்சைக் குழந்தையின் ரத்தச் சொட்டைக் காகிதத்தில் உலர்த்தி அனுப்பி, வேறொரு பிறவிக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழியைக் கொண்டுவந்தார். ரத்தத்தைக் குப்பியில் ஐஸ் வைத்து அனுப்ப வேண்டியதில்லை; தபாலில் அனுப்பலாம். அந்தக் காகிதத்தை வைத்தே 1970-களின் நடுவில் கனடாவின் கியூபெக்கில் ழான் துசோ என்பவர் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் தைராய்டு பார்க்க ஆரம்பித்தார். முதலில் தைராக்சினை அளந்தார்கள், பிறகு டி.எஸ்.எச். வந்தது. உலர்ந்த சொட்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு வட்டத்தை வெட்டிக் கரைத்தால் சோதனைக்குப் போதும். இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிய பிள்ளைகள் மற்ற பிள்ளைகள் மாதிரியே படித்தார்கள்.

வருஷங்களை ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். கியூபெக்கில் இது தொடங்கிய அதே சமயத்தில்தான் என் வகுப்புப் பையனும் பிறந்தான். அங்கே பிறந்திருந்தால் இரண்டாவது வாரத்தில் மாத்திரை கிடைத்திருக்கும். இங்கே என்னுடைய கடைசி வரிசை கிடைத்தது.

இது எங்கோ அபூர்வமாக வரும் நோய் என்று நினைக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் லட்சம் குழந்தைகளுக்கு மேல் சோதித்ததில், சுமார் 1,100 பேரில் ஒருவருக்கு இது இருந்தது. தெற்கே இன்னும் அதிகம். நான் பணியில் இருந்த காலத்தில் என் கையில் படித்த பிள்ளைகளை எண்ணினால், இன்னும் ஒருவர் இருவர் இருந்திருக்கக்கூடும்.

நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு இப்போதே பதில் எழுதிவிடுகிறேன்.

"மரச்சீனிக் கிழங்கு தின்னதாலயா டீச்சர்?" விசாகம் திருநாள் மகாராஜா காலத்திலிருந்து நம் திருவிதாங்கூர் நாட்டுக்குச் சோறு போட்ட கிழங்கு அது. அதில் உள்ள ஒரு பொருள், அயோடின் தைராய்டுக்குப் போவதைத் தடுக்கக்கூடியது. ஆப்பிரிக்காவில் காங்கோ பக்கம் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் அயோடின் குறைவாக உள்ள இடத்தில்தான் அது தொல்லை. நாம் கிழங்கை அவித்துத் தண்ணீரை வடிக்கிறோம், கூட மீன்கறியும் தின்கிறோம். பயப்பட வேண்டாம்.

"நம்ம கடல் உப்புல அயோடின் இருக்குமே?" இல்லை. புத்தளம் அளத்திலே விளைந்த உப்பானாலும் வெறும் கல்லுப்பில் அயோடின் மிகக் குறைவு. அயோடின் சேர்த்த உப்பைத்தான் வாங்க வேண்டும். அதை அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள்.

"அம்மா செய்த தப்பா?" இதுதான் முக்கியம். பிறவித் தைராய்டுக் குறைவில் பெரும்பாலானவை, கருவிலே அந்தச் சுரப்பி சரியாக உருவாகாததால் வருவது. தாய் என்ன தின்றாள், எங்கே நடந்தாள் என்பதெல்லாம் காரணம் இல்லை. மாமியார்மார் தயவுசெய்து இதை இரண்டு தடவை வாசிக்கவும்.

"பிறந்த அன்னைக்கே எடுத்தா என்ன?" பிறந்தவுடன் எல்லாப் பிள்ளைக்கும் டி.எஸ்.எச். திடீரென்று ஏறி, பிறகு இறங்கும். அதனால் இரண்டு நாள் கழிந்து, மூன்றாம் நாள் வாக்கில் எடுப்பது நல்லது. முதல் சோதனையில் கூடுதலாக வந்தால் நோய் என்று முடிவு கட்டாதீர்கள். மறுபடி ரத்தம் எடுத்து உறுதி செய்வார்கள். ஆனால் அந்த மறு சோதனைக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைராய்டு பார்க்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். சில இயந்திரங்களில் ஆன்டிபாடியைக் குழியில் ஒட்ட வைக்கப் பயோட்டினைத்தான் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் அது கூடினால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

பேத்தியின் ரிப்போர்ட் ஒரு வாரத்தில் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது.

ரிப்போர்ட் வந்த மறுநாள் அந்தப் பையனின் வீட்டைத் தேடிப் போனேன். பையன் என்ன, ஐம்பதை நெருங்கிவிட்டான். அக்காவோடு இருக்கிறான். ஆட்டுக்கு இலை ஒடிப்பான், கடைக்குப் போய்வருவான். மாத்திரையை அவனே ஞாபகமாகக் காலையில் வெறும் வயிற்றில் எடுத்துக்கொள்வான் என்று அக்கா சொன்னாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "டீச்சர்" என்றான். உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை. "உன்னை அடிச்சிருக்கேன் மக்ளே, நான் தெரியாம செய்தது" என்றேன். அவன் சிரித்தான். அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். வகுப்பில் உறங்குகிற, வளராத, குளிருகிறது என்கிற பிள்ளை இருந்தால் ரெஜிஸ்டரில் எதுவும் எழுதும் முன் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு ரத்தச் சோதனைக்கு அனுப்புங்கள். வீட்டில் பிரசவம் வரப்போகிறவர்கள், மூன்றாம் நாள் குதிகால் ரத்தம் எடுப்பார்களா என்று ஆஸ்பத்திரியில் முன்னமே கேட்டு வையுங்கள். எடுக்காத இடமானால் எங்கே எடுக்கலாம் என்று கேளுங்கள்.

தப்பு இருந்தால், உங்களில் டாக்டர், லேப் வேலை பார்க்கிற பிள்ளைகள் கீழே திருத்துங்கள். டீச்சர் கோபப்பட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்